ஓரகத்தியின் பசி

என் ஓரகத்தி மேல் எனக்கு வந்த பொறாமை அவள் அழகால் வந்ததல்ல. அழகில் அவள் என்னைவிட ஒரு படி இறக்கம் என்பதைக் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே பார்த்து முடித்துவிட்டேன். நல்ல கறுப்பு. முன்பல் ஒன்று லேசாக ஏறியிருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறும் ஒரு வரிசைப் பாசிமணியும்தான். நான் அரிமளத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் ஒரே மகள். கூண்டு வண்டி நிறையப் பித்தளைப் பாத்திரத்தோடு வந்து இறங்கியவள். ஆகவே மூத்த மருமகளைப் பற்றி நான் கவலைப்பட ஒன்றுமில்லை என்று இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் அவள் சாப்பிடுவதைப் பார்த்தேன்.

அப்போதுதான் ஊருணியிலிருந்து மூன்றாவது நடை தண்ணீர் கொண்டுவந்து இறக்கியிருந்தாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். எங்கள் ஊருக்குள் இருந்த கிணறுகளில் எல்லாம் உப்புத் தண்ணீர். மாடு குளிப்பாட்டத்தான் ஆகும். குடிக்கவும் சமைக்கவும் பொட்டலைத் தாண்டி, கண்மாய்க்கரை ஏறி இறங்கி ஊருணிக்குப் போக வேண்டும். போய்வர இரண்டு மைலுக்குக் குறையாது. காலையில் மூன்று நடை, சாயங்காலம் ஒரு நடை என்று அவள் ஒருத்தியே அந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள்.

குடத்தை இறக்கியதும் நேராகச் சோற்றுக்கு வரவில்லை. முகம் கைகால் கழுவினாள். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். கொல்லைப்புறத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு சட்டென்று எழுந்து, "வயிறு கூப்புட்டுருச்சு" என்று தனக்குத்தானே சொல்லியபடி உள்ளே வந்தாள்.

கும்பாவில் மோர்விட்டுக் கரைத்த கம்பங்கூழ். நாலு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், ஓரத்தில் கொஞ்சம் கல்லுப்பு. அவ்வளவுதான். அவள் அவசரப்படவில்லை, உறிஞ்சிச் சத்தம் போடவில்லை. கும்பாவை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தாள். வெங்காயத்தைக் கடித்தாள். கண்ணை மூடினாள். மறுபடி குடித்தாள். மேலுதட்டில் புதிதாக வேர்வை பூத்தது. கூழ் குடிக்கிற ஒருத்தியின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் வீட்டில் நெய்யும் பருப்புமாகச் சாப்பிட்ட யார் முகத்திலும் பார்த்ததில்லை. என் முகத்தில் அது ஒருநாளும் வந்திருக்காது என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துபோயிற்று.

நான் மட்டும் பார்க்கவில்லை. மாமியாரும் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின வருஷம் விஷக்காய்ச்சலில் விழுந்து பிழைத்தவர் அவர். காய்ச்சல் போயும் வாய்க்கசப்பு போகவில்லை. சமஸ்தானத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்பு மருந்தும் கேட்கவில்லை, உள்ளூர் வைத்தியர் கொடுத்த சூரணமும் கேட்கவில்லை. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படிப்பட்டவர் அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஏத்தா மூத்தவளே, இங்கிட்டு வந்து எம் மொகத்துக்கு நேரா ஒக்காந்து குடி. நீ குடிக்கிறதப் பாத்தாத்தான் எனக்கு நாலு வாய் எறங்குது" என்றார்.

அவள் கும்பாவோடு நகர்ந்து அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். மாமியாரும் ஒரு கிண்ணம் கூழ் குடித்தார். அந்த வீட்டில் இது தினமும் நடக்கிற காரியம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்தக் கிழவியைச் சாப்பிட வைப்பது என்பதுதான் அந்த வீட்டில் பெரிய விஷயமாக இருந்தது. மாமனார் வயலிலிருந்து வந்ததும் முதலில் கேட்பது, "ஒங்க அயித்த சாப்புட்டாளா?" என்றுதான். நான் பச்சரிசிச் சாதத்தைக் குழைய வடித்து, நெய் ஊற்றி, பூண்டு ரசம் வைத்துக் கொண்டுபோவேன். "வச்சுட்டுப் போத்தா" என்பார் மாமியார். கொஞ்ச நேரம் கழித்துப் போனால் சாதம் வைத்தபடியே ஆறிக் கிடக்கும். மூத்தவள் எதையும் சமைத்து நீட்டுவதில்லை. எதிரே உட்கார்ந்து தன் பாட்டுக்குத் தின்பாள். அதற்கு அவளுக்கு நல்ல பெயர்.

என் சாப்பாடு வேறு மாதிரி. பிறந்த வீட்டிலிருந்து மாசத்துக்கு ஒரு தகர டப்பா வந்துவிடும். முறுக்கு, சீடை, அதிரசம். வேலை என்று எனக்குப் பெரிதாக ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். வசதியான வீட்டுப் பெண் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அறையில் உட்கார்ந்து எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பேன். மத்தியானம் இலை போட்டால் பசி இருக்காது. அப்பளத்தை நொறுக்கிச் சோற்றை அங்குமிங்கும் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன். ராத்திரி நெஞ்சு கரிக்கும்.

ஒருநாள் அவளிடம் அதிரசத்தை நீட்டினேன். அப்போதுதான் குடத்தோடு வந்திருந்தாள்.

"இப்ப வேணாம் தங்கச்சி. நடந்துட்டு வந்தா இனிப்பு எறங்க மாட்டேங்குது. உப்பும் புளிப்புந்தான் கேக்குது."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது என் பிறந்த வீட்டையே வேண்டாம் என்று சொன்னதுபோல இருந்தது.

சாப்பாட்டில் ஆசைப்படுகிறவள் என்றும் அவளைச் சொல்லிவிட முடியாது. ஆடி வெள்ளிக்குக் கோயிலில் பொங்கல் வைத்த அன்று தண்ணீரை மாட்டு வண்டியில் கொண்டுவந்துவிட்டார்கள். ஊர்ப் பெண்கள் எல்லாம் சர்க்கரைப் பொங்கலை இலையோடு வழித்துத் தின்றுகொண்டிருக்க, இவள் இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

"ஏங்க்கா, பிடிக்கலையா?"

"நல்லாத்தான் இருக்கு. இன்னிக்கு ஒரு வேலையும் பாக்கலைல்ல. வயிறு கூப்புடல. கூப்புடாம நாமளாப் போயி நிக்கக் கூடாது பாரு" என்று ஏறின பல் தெரியச் சிரித்தாள்.

வயிற்றை ஏதோ மரியாதைப்பட்ட சொந்தக்காரர் மாதிரி பேசுவாள். அவர் அழைத்தால் போக வேண்டும். அழைக்காவிட்டால் போகக் கூடாது. எனக்கு அப்படி ஒரு அழைப்பு என் வாழ்நாளில் வந்ததில்லை.

என் வீட்டுக்காரர் பேசத் தெரியாத மனிதர். அவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அண்ணி சாப்புடுறதப் பாத்தா நமக்கே வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. முதல் நாள் முழுக்க அதை அவர் கவனிக்கவே இல்லை. அது இன்னொரு கோபம்.

கடைசியில் நானும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டேன். ஐப்பசி மாசம், வெயில் தாழ்ந்த காலம். "நானும் வாரேன்க்கா" என்றதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் பழைய சேலையைச் சுருட்டி எனக்குச் சும்மாடு செய்து கொடுத்தாள். சின்னக் குடமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். முதல் நாள் ஒரு நடைதான் போனேன். கண்மாய்க்கரையில் ஏறும்போது கால் இரண்டும் நடுங்கின. வீட்டுக்கு வந்து, அவளைப் போலவே கூழ் குடிக்க வேண்டும் என்று கும்பாவைத் தூக்கினேன். வாய்க்குக் கிட்டே கொண்டுபோனதும் குமட்டியது. கீழே வைத்துவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் பிடரியைத் தடவிவிட்டாள்.

"வந்த ஒடனே பசிக்காது தங்கச்சி. ஒடம்பு கொதிச்சுக் கெடக்கையில வயிறு வாயத் தொறக்காது. தண்ணியக் குடிச்சுட்டு செத்த நேரம் ஒக்காரு. சூடு எறங்கட்டும். இன்னிக்கு வராட்டி நாளைக்கு வரும். நாலு நாள் நட, பெறகு பாரு."

நாலு நாள் நடந்தேன். அவள் சொன்னபடியேதான் ஆயிற்று. நாலாம் நாள் தண்ணீர் குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது வயிற்றுக்குள் ஏதோ திறந்துகொண்டது. டப்பாவில் இருந்த முறுக்கை நினைத்துப் பார்த்தேன், வேண்டியிருக்கவில்லை. மோரின் புளிப்பு வேண்டியிருந்தது. கல்லுப்பு வேண்டியிருந்தது. மாட்டுக்குக் கரைத்து வைப்பது மாதிரி இருக்கிறது என்று நான் முகம் சுளித்த அந்தக் கூழை ஒரு கும்பா குடித்தேன். மறு கும்பாவும் குடித்தேன். அன்று ராத்திரி நெஞ்சு கரிக்கவில்லை, படுத்ததும் தூங்கிவிட்டேன்.

இத்தோடு என் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் வேண்டுமென்றே என் கும்பாவை எடுத்துக்கொண்டு போய் மாமியாருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். மூத்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நன்றாகத்தான் குடித்தேன். நிஜமான பசியோடுதான் குடித்தேன். மாமியார் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

ஆறாம் நாள் கழுத்து வலி என்று படுத்துக்கொண்டேன். பிறகு நான் குடத்தைத் தொடவில்லை.

கிணறு வெட்டுகிற யோசனை எனக்கு அப்போதுதான் வந்தது. பொங்கலுக்குப் பிறந்த வீடு போனபோது அப்பாவிடம் சொன்னேன்.

"அந்த அக்கா படுற பாட்டப் பாக்கச் சகிக்கலைப்பா. ஒரு நாளைக்கு எட்டு மைல் தண்ணி சொமக்குறாக. வீட்டுலயே ஒரு கெணறு இருந்தா அவுகளுக்கு எம்புட்டு ஒத்தாசை!"

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தனக்குன்னு ஒரு நகை கேக்காம ஓரகத்திக்காகக் கேக்குது பாரு எம் பொண்ணு" என்று அம்மாவிடம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அவளுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும் என்று அப்போது நான் ஒரு துளியும் நினைக்கவில்லை. அந்த நடையை அவளிடமிருந்து எடுத்துவிட வேண்டும். அது போனால் மற்றதும் போகும். ஐந்து நாள் நடந்து பார்த்ததில் நான் தெரிந்துகொண்டது அதுதான்.

நீரோட்டம் பார்க்கிறவர் வந்து வேப்பங்குச்சியோடு கொல்லையைச் சுற்றினார். மேற்கு மூலையில் குச்சி தாழ்ந்தது. கிணறு வெட்டுகிறவர்கள் மேல்மண்ணை அள்ளி, செம்புறாங்கல்லை உடைத்து, அதற்கும் கீழே போனார்கள். மாசிக் கடைசியில் ஊற்றுக் கண் திறந்தது. தண்ணீர் தித்திப்பு. ஊரே வந்து பார்த்தது. அந்த ஊருக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு எங்கள் வீட்டில்தான் என்று மாமனார் தலைப்பாகையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். முதல் வாளித் தண்ணீரை மூத்த மருமகள்தான் இறைக்க வேண்டும் என்று நானே சொன்னேன். அவள் இறைத்துக் குடித்தாள்.

"எளநி தோத்துச்சு போ" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது.

முதல் பத்து நாள் அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். நாலு வாளி இறைத்தால் வீட்டுக்கு ஆயிற்று. பிறகு வேலை இல்லை. காலையில் எப்போதும்போலக் கும்பா நிறையக் கூழைக் கரைத்துக்கொண்டு உட்காருவாள். பாதி குடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னடி, ஒடம்புக்கு முடியலையா?" என்று மாமியார் கேட்டார்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லைங்க அயித்தே. வயிறு கூப்புட மாட்டேங்குது."

வைத்தியர் சுக்குக் கஷாயம் கொடுத்தார். அது அவள் வயிற்றுக்குத் தேவையானதல்ல என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

மத்தியான நேரங்களில் அவள் என் அறைப்பக்கம் வர ஆரம்பித்தாள். முதல் நாள் ஒரு முறுக்கு. மறுநாள் இரண்டு. நின்றுகொண்டே தின்பாள், தின்கிறோம் என்று தெரியாமலே தின்பாள். ஒரு காலத்தில் வேண்டாம் என்று சொன்ன அதிரசத்தை இப்போது ஒன்றுக்கு மூன்றாக எடுத்தாள். "இன்னம் எடுத்துக்கங்க்கா" என்று நானே டப்பாவை அவள் பக்கம் தள்ளுவேன். பெரிய டப்பாவாக அனுப்பச் சொல்லி அம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன். அவளுக்கு முகம் ஊதியது. பகலில் படுத்துத் தூங்கினாள். யாரையும் ஒரு சொல் சொல்லாதவள் மாட்டுக்காரனிடம் எரிந்து விழுந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் என்னைப் போலவே அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சோற்றைத் தள்ளினாள்.

நான் சந்தோஷப்பட்டேன். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எதிரே பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் போனதும் மாமியாரும் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டார். வைகாசி வரும்போது கஞ்சித் தண்ணீரில் வந்து நின்றார்.

கிணற்றுக்கு ஒரு வருஷம் ஆனதும் அப்பா மாம்பழக் கூடையோடு வந்தார். கிணற்றுக்குப் படையல் போட்டு வீட்டில் விருந்து. மாமனாரும் அப்பாவும் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வெற்றிலைத் தட்டோடு நின்றேன். தெருமுனையில் அவள் வந்தாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். தண்ணீர் தளும்பித் தோளெல்லாம் நனைந்திருந்தது. எப்போது போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டுப் பெண் சத்தமாகவே கேட்டாள்: "என்ன, ஒங்க கெணறு வத்திப் போச்சா?"

அப்பாவின் முகம் சுருங்கியது. மாமனார் எழுந்துவிட்டார்.

"நில்லும்மா. எங்க போயிட்டு வார?"

"ஊருணிக்குங்க மாமா."

"வீட்டுக் கெணத்துத் தண்ணிக்கு என்ன கொறைச்சல்?"

"கொறைச்சல் ஒண்ணுமில்லைங்க. நல்ல தண்ணி."

"பெறகு எதுக்குப் போன? சம்பந்தி வந்திருக்கையில, ஊரு பாக்க?"

அவள் குடத்தை இறக்கவில்லை. இறக்கிவிட யாரும் கை கொடுக்கவும் இல்லை.

"எனக்குப் பசிக்கலைங்க மாமா" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. அவள் புருஷன், என் வீட்டுக்காரருக்கு அண்ணன், அமைதியான மனிதர், அவரே கோபப்பட்டுவிட்டார். "பசிக்காட்டி ஊருணிக்கா போவாக? கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்று கத்தினார். என் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்த வாசலில் அவள் சொன்னது விளங்கிய ஒரே ஆள் நான்தான். என் பிடரியைத் தடவி எனக்கு அவள் சொல்லிக் கொடுத்ததுதானே! 'அக்காவுக்கு நடந்தாத்தான் பசிக்கும், அதுக்காகத்தான் போனாக' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கிணறு கொடுத்த வீட்டுப் பெண் நானே சொன்னால் அப்பாவுக்கும் அவமானமில்லை, மாமனாருக்கும் கோபமில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று நினைத்துத்தான் பார்த்தாள். நான் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "எங்க அப்பாவ இப்பிடி ஊர் முன்னால அவமானப்படுத்திட்டாகளே" என்று அழுதேன்.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "எல்லாரும் என்னத்தக் கத்திக்கிட்டுக் கெடக்கீக? கொடத்த எறக்கி விடுங்க. அவளுக்குக் கூழக் கரைங்க. எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்துங்க."

அன்று அவர்கள் இருவரும் உள்ளே எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். அப்பா விருந்து சாப்பிடாமல் வண்டி கட்டிவிட்டார். அவர் போனதும் மாமனார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: இந்த வீட்டுப் பெண்கள் இனிமேல் ஊருணிப் பக்கம் கால் வைக்கக் கூடாது.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. அப்படியே இருந்தாள், ஒரு மாசம். அதன்பிறகு என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள் என்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது, அப்படியும் இல்லை. "தங்கச்சி" என்று எப்போதும்போலத்தான் கூப்பிட்டாள். என் அறைக்கு மட்டும் வரவில்லை.

ஊரிலிருந்து நாலு மைலில், திருமயம் போகிற சாலையை ஒட்டி, எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. கடலை போடுவார்கள். காவலுக்கு ஒரு குடிசை. கடலை விதைப்பு வந்தபோது அங்கேயே போய்த் தங்கிப் பார்த்துக்கொள்வதாக அவள் புருஷன் சொன்னார். அவள்தான் கேட்டிருக்க வேண்டும். மாமனாரும் சரி என்றார். இரண்டு சட்டிபானை, ஒரு பாய், அந்த இரண்டு குடம். அவ்வளவுதான் எடுத்துப் போனார்கள். வண்டி தெருமுனை திரும்பியபோது இனி அந்த வீடு எனக்குத்தான் என்று நினைத்தேன்.

எட்டு நாள் அப்படி நினைத்தேன். ஒன்பதாம் நாள் மாமியார் தன் பெட்டியைத் திறந்து சேலைகளை மடிக்கச் சொன்னார்.

"எங்கங்க அயித்தே?"

"கடலைக் கொல்லைக்குத்தான், மூத்தவகிட்ட. வண்டியில என்னைய ஏத்தி விடச் சொல்லு."

"இங்க ஒங்களுக்கு என்ன கொறை வச்சேன் நான்?" என் குரல் உடைந்துவிட்டது. நிஜமாகவே உடைந்தது. "அங்க குடிசையில தரையில படுக்கணுமே."

"கொறை ஒண்ணும் வைக்கலைத்தா. நெய்யும் பாலுமாத்தான் வைக்கிற." அவர் என் கன்னத்தைத் தொட்டார். "அவ எதுத்தாப்புல இருந்தா நாலு வாய் எறங்குது. நான் இன்னம் கொஞ்ச நாள் இருக்கணும்ல?"

அவர் போனார். நெய்க் கிண்ணத்தோடு அடுப்படியில் உட்கார்ந்து நான் அழுதது துக்கத்தால் என்று வீட்டுக்காரர் நினைத்தார்.

அதன்பிறகு இரண்டு வருஷம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. நல்லது கெட்டதுக்கு அவர்கள் வருவார்கள். வந்த அன்றே திரும்பிவிடுவார்கள். மாமியார் தேறிவிட்டார் என்று போய்வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் "நல்லதாப் போச்சு" என்பேன்.

பிறகு உலகச் சண்டைக்காலம் வந்தது. மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் அளவு வந்துவிட்ட நேரம். ஒருநாள் காலை, மாமியார் கால் வழுக்கி விழுந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். வண்டி நெல் ஏற்றிக்கொண்டு வெளியே போயிருந்தது. வீட்டுக்காரரும் ஊரில் இல்லை. போகாமல் இருந்தால் ஊர் பேசும். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, வழியில் குடிக்கத் தண்ணீர்கூட எடுக்காமல், நாலு மைலும் நடந்தேன். ஐந்து நாள் தண்ணீர் சுமந்த பிறகு நான் அவ்வளவு தூரம் நடந்தது அன்றுதான்.

மாமியாருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கணுக்காலில் வீக்கம், அவ்வளவுதான். குடிசைக்கு வெளியே பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் சதை பிடித்திருந்தது. என்னைப் பார்த்ததும், "நடந்தா வந்த?" என்று ஆச்சரியப்பட்டார். மூத்தவள் கடலைக் கொடிக்குள்ளிருந்து எழுந்து வந்தாள். முகத்தின் ஊதல் எல்லாம் வடிந்து, கரிசல் மாதிரி கறுத்து, கையெல்லாம் இறுகி, கல்யாணமாகி நான் பார்த்த முதல் நாளைப் போலவே இருந்தாள். எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். "செத்த ஒக்காரு தங்கச்சி, பெறகு சாப்புடலாம்" என்றாள்.

உட்கார்ந்தேன். வேர்வை அடங்கியது. பசி வந்தது. அப்படி ஒரு பசியை நான் கண்டதில்லை. காதுக்குள்கூடப் பசித்தது.

வரகுச் சோறு. மணமேல்குடியிலிருந்து கருவாட்டுக்காரி கொண்டுவந்து கொடுத்த நெத்திலிக் கருவாட்டில் கத்திரிக்காய் போட்டுக் குழம்பு. மாமியார், அவள், நான், மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவள் எனக்கு ஒரு அகப்பை சோறு வைத்தாள். அந்தச் சோறு எப்படிப் போனதென்றே தெரியவில்லை. குழம்பை வழித்தேன். விரலில் ஒட்டியிருந்ததையும் விடவில்லை.

நிமிர்ந்தபோது மாமியார் தன் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளையல்ல, என்னை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எந்தப் பார்வைக்காக நெய் ஊற்றிச் சாதம் குழைத்தேனோ, கிணறே வெட்டினேனோ, அந்தப் பார்வை.

மூத்தவளும் பார்த்தாள். ஏறின பல் தெரியச் சிரித்தாள். அதில் கேலி இல்லை. "வயிறு கூப்புட்டுருச்சு போலருக்கே! இன்னம் ரெண்டு அகப்ப வைக்கிறேன், சாப்புடு. நாலு மைலு நடந்துல்ல வந்திருக்க" என்று பானையை என் பக்கம் சாய்த்தாள்.

அவள் பானையிலிருந்து, அவள் சொல்லிக் கொடுத்த பசியாலா அது எனக்குக் கிடைக்க வேண்டும்? நான் கையைக் குறுக்கே நீட்டி மறைத்தேன்.

"போதும்க்கா. எனக்குப் பசியே இல்ல."

அகப்பை அந்தரத்தில் நின்றது. அவள் என் காலித் தட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். வற்புறுத்தவில்லை. சோற்றைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். மாமியார் கண்ணை என்னிடமிருந்து எடுத்து அவள் பக்கம் திருப்பினார். விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தார். நான் எழுந்து கை கழுவினேன்.

வெயில் தாழட்டும், இருந்துவிட்டுப் போ என்றார்கள். இருக்கவில்லை. நாலு மைலும் திரும்பி நடந்தேன். வயிறு இழுத்துப் பிடித்து எரிந்தது. வீட்டுக்கு வந்தபோது மாமனார் வாசலில் தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். காலையில் வடித்த சோறு சட்டியில் ஆறிக் கிடந்தது. மோரை அதிலேயே ஊற்றி, உப்பைப் போட்டு, நின்றபடியே சட்டியிலிருந்து அள்ளி அள்ளித் தின்றேன். வெங்காயத்தைத் தோலோடு கடித்தேன். கண் தானாக மூடியது. அவ்வளவு ருசியாக நான் அதற்கு முன்பும் சாப்பிட்டதில்லை, பின்பும் சாப்பிட்டதில்லை. அடுப்படியில் என்னைத் தவிர யாரும் இல்லை.